ஒரு பொறி அணைந்தாலும் ஓடும் வண்டி: ஆர்எக்ஸ்-8 காரில் காயிலும் பிளக்கும் மாற்றிய அனுபவம்

எம்1 நெடுஞ்சாலையில் ஏறுவதற்கான வளைவில்தான் முதலில் கவனித்தேன். மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 5,000 சுழற்சியைத் தாண்டும்போது வண்டி ஒரு கணம் தயங்கியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து, உடனே விட்டுவிட்டதுபோல் இருந்தது. அடுத்த நொடி பழையபடி ஓடியது. பெட்ரோல் சரியில்லை என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணியதற்கு மூன்று மாதம் கழித்து விலை கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வண்டி 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் கொண்டது. பிரிட்டனில் பழைய கார்ச் சந்தையில் இன்று மிகவும் மலிவாகக் கிடைக்கும் விளையாட்டுக் கார்களில் இதுவும் ஒன்று. அந்த மலிவுக்குக் காரணம் இதன் என்ஜின். இது ரோட்டரி வகை; பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி. இரண்டும் சேர்ந்து 1.3 லிட்டர்தான், ஆனால் 9,000 சுழற்சி வரை தயக்கமே இல்லாமல் ஏறும், 231 குதிரைத்திறன் தரும். ரெனிசிஸ் என்று பெயரிட்ட இந்த என்ஜின் 2003இல் உலகின் சிறந்த என்ஜின் விருதையே வாங்கியது. அதே என்ஜினைப் பற்றி ஊரெல்லாம் பரவியிருக்கும் பேச்சு வேறு: எண்ணெய் குடிக்கும், விரைவில் செத்துப்போகும், கிட்டேயே போகாதே.

எண்ணெய் குடிப்பது உண்மை. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள ஏபெக்ஸ் சீல்கள் உராய்ந்து தேயாமல் இருக்க எரியறைக்குள் சிறிதளவு எண்ணெயைத் தெளிக்கும்படியே இதை வடிவமைத்திருக்கிறார்கள். விரைவில் செத்துப்போகும் என்பதில் பாதிதான் உண்மை. கவனிக்காமல் விட்ட காயில்கள் (பிளக்கில் பொறி எழ உயர் மின்னழுத்தம் தருபவை) புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரைக் கெடுத்து, கன்வெர்ட்டரில் தேங்கிய வெப்பம் என்ஜினைக் கெடுத்த வண்டிகள் எத்தனையோ. பழி மட்டும் என்ஜின்மேல் விழுகிறது.

தயக்கம் தொடங்கிய ஆறாவது வாரம் டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தது. அருகிலிருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார்கள். ரோட்டரி என்ஜினா, கம்ப்ரஷன் (எரியறையில் கலவையை அழுத்தும் திறன்) போயிருக்கும், கழற்றிப் புதுப்பிக்க 4,000 பவுண்டு ஆகும் என்றார்கள். எந்தக் கருவியையும் அவர்கள் கையில் எடுக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் வண்டியை விற்றுவிடலாமா என்றே யோசித்தேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரோட்டரி என்ஜினின் கம்ப்ரஷனைச் சாதாரண அளவுமானியால் சரியாக அளக்க முடியாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். சாதாரண மானி மூன்றிலும் உயர்ந்த அளவைப் பிடித்துவைத்துக் காட்டும். ஒரு முகம் முழுதாகச் செத்திருந்தாலும் தெரியாது. மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் கருவி வேண்டும். அப்படிப்பட்ட கருவி வைத்திருக்கும் ரோட்டரி நிபுணர் ஒருவரைத் தேடிப் போனேன். நிமிடத்துக்கு 250 சுழற்சி என்ற கணக்கில் மாஸ்டா சொல்லும் இயல்பான அளவு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்ச எல்லை 680. என் முன் ரோட்டர் 740, 750, 740 காட்டியது. பின் ரோட்டர் 720, 730, 710. புது என்ஜினின் அளவு இல்லை. ஆனால் நல்ல ஆரோக்கியம். பற்றவைப்பைப் பாருங்கள், என்ஜினைத் தொடாதீர்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகுதான் இந்த வண்டியின் பற்றவைப்பு எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்தபோதுதான் மூன்று மாதம் நான் ஏமாந்தது எப்படி என்று புரிந்தது.

ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்குகள். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். எரியறை நீண்டு மெலிந்த வடிவம் கொண்டது. ஒரே பொறியால் முழுவதையும் நேரத்துக்குள் எரித்து முடிக்க முடியாது. அதனால் இரண்டு. (1991இல் ல மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில் ரோட்டருக்கு மூன்று பிளக்குகள் வைத்திருந்தார்கள்.) பெரும்பங்கு வேலை லீடிங் பிளக்கினுடையது. டிரெய்லிங் பிளக் ஒரு சிறு துளை வழியாகத்தான் எரியறையை எட்டிப் பார்க்கிறது. நான்கு பிளக்குக்கும் தனித்தனியாக நான்கு காயில்கள்.

இப்போது ஒரு காயில் செத்தால் என்ன நடக்கும்? நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு காயில் போனால் ஒரு சிலிண்டரே நின்றுவிடும்; வண்டி குலுங்கி, ஓட்டுபவனை இறங்க வைத்துவிடும். இந்த வண்டியில் அப்படி இல்லை. லீடிங் செத்தாலும் டிரெய்லிங் பிளக் எப்படியோ எரிய வைத்துவிடுகிறது. வண்டி ஓடுகிறது. கொஞ்சம் சோம்பல், கொஞ்சம் அதிக பெட்ரோல், அவ்வளவுதான் வெளியே தெரியும். ஆனால் எரிதல் தாமதமாகத் தொடங்கி, முடியாமலே சைலன்சர் பக்கம் போகிறது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. ஓட்டுபவனுக்குத் தெரியாமலே கன்வெர்ட்டர் உள்ளுக்குள் உருகத் தொடங்குகிறது.

காயில்கள் ஏன் இங்கே இவ்வளவு சீக்கிரம் தேய்கின்றன என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில், பிளக்குக்கு ஒரு காயில் இருந்தால், இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் பொறி தர வேண்டும். ரோட்டரியில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு முறை. 9,000 சுழற்சியில் ஒவ்வொரு காயிலும் நொடிக்கு 150 பொறி தர வேண்டும். அதுவும் என்ஜினின் சூட்டை ஒட்டியே அமர்ந்துகொண்டு. மாஸ்டாவே இந்தக் காயிலின் வடிவத்தைத் திருத்தித் திருத்தி வெளியிட்டது. பாக எண்ணின் இறுதியில் வரும் ஏ, பி, சி எழுத்துகள் அந்தத் திருத்தங்களைத்தான் குறிக்கின்றன. பிரேக் பேடு எப்படித் தேயும் பொருளோ, இந்த வண்டியில் காயிலும் அப்படித்தான். கெட்ட பிறகு மாற்றுவோம் என்று காத்திருப்பது பேடு தேய்ந்து இரும்பு உரசும்வரை ஓட்டுவதற்குச் சமம். 30,000 மைலுக்கு ஒரு முறை பிளக், வயர், காயில் மூன்றையும் சேர்த்து மாற்றுவது பல உரிமையாளர்களின் வழக்கம். நானும் இனி அதைத்தான் பின்பற்றுவேன்.

பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஒரு சிறிய ஸ்கேனரை வண்டியில் இணைத்துப் பார்த்தேன். பி0302 என்று வந்தது. பி0301 என்றால் முன் ரோட்டரில் மிஸ்ஃபயர் (கலவை சரியாகப் பற்றாமல் போவது), பி0302 என்றால் பின் ரோட்டரில், பி0300 என்றால் குறிப்பிட்ட இடமில்லாத மிஸ்ஃபயர். ஆனால் அந்த ரோட்டரில் லீடிங்கா டிரெய்லிங்கா என்று இந்தக் குறியீடு சொல்லாது. ஒரே ஒரு காயிலை மட்டும் மாற்றிப் பணம் மிச்சம் பிடிக்கும் எண்ணத்தை அங்கேயே கைவிட்டேன். நான்கும் ஒரே வயது, ஒரே உழைப்பு. ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும்.

பாகம் வாங்குவதில் ஒரு சறுக்கல். முதலில் வாங்கிய காயில்கள் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பாதி விலைக்குக் கிடைத்தவை. பெட்டி அசல் போலவே இருந்தது. கையில் எடுத்தபோது எடை குறைவாகத் தோன்றியது. சமையலறைத் தராசில் பழையதையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன், வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அச்சிட்ட எண்ணின் ஓரமும் மங்கலாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டு நம்பகமான ரோட்டரிப் பாகக் கடையில் வாங்கினேன். காயில், வயர், பிளக் எல்லாம் சேர்த்து 300 பவுண்டுக்குச் சற்று மேல் ஆனது. பிளக்கிலும் போலிகள் உண்டு. விலை ஆச்சரியப்படும்படி குறைவாக இருந்தால் விலகிவிடுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். முந்தைய இரவிலிருந்து வண்டியை எடுக்கவே இல்லை. என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ரோட்டர் சுழலும் கூடான ரோட்டர் வீடு அலுமினியம், பிளக் இரும்பு. சூட்டோடு கழற்றினால் அலுமினிய மரை பிளக்கோடு பிய்ந்து வரும் ஆபத்து உண்டு. இன்னொன்று: இடம் மாற்றி நிறுத்துவதற்காக மட்டும் இந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து அடி நகர்த்தி உடனே அணைக்கக் கூடாது. குளிர்ந்த என்ஜினில் தாராளமாகப் பாயும் பெட்ரோல் எரியாமல் பிளக்குகளை நனைத்துவிடும், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எனவே முதல் நாள் மாலையே, ஓடிச் சூடேறி வந்த நிலையில், வேலை செய்யும் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினேன். பிளக்குகள் என்ஜினின் இடப்பக்கம், தாழ்வாக இருக்கின்றன. மேலிருந்து கை நுழையாது. இடது முன்சக்கரத்தைக் கழற்றினால் சக்கர வளைவின் ஊடாக நான்கும் கண்ணுக்கு நேரே தெரியும். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து அதன்மேல் இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே நுழைப்பது உயிரோடு விளையாடுவது; இதில் யாரும் அவசரப்பட வேண்டாம்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. விளக்குப் பிடிக்க வருகிறாயா என்று கேட்டதும் காலணியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளை நாடாவை வெட்டி ஒவ்வொரு வயரிலும் ஒட்டுவதும் எழுதுவதும் அவள் வேலை. காயில்கள் மேலே ஒரு தகட்டில் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையை மனத்தில் வைத்திருப்பேன் என்று நம்பக் கூடாது. ஒரு வயரை எடுத்து, அதன் இரு முனைகளும் எங்கே போகின்றன என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து, இரு முனையிலும் ஒரே எழுத்தை ஒட்டிய பிறகுதான் அடுத்தது. கழற்றுவதற்கு முன்பே கைபேசியில் நான்கு படங்களும் எடுத்துவைத்தோம்.

பிளக் இருக்கும் குழிகளில் சக்கரம் வாரி இறைத்த மணலும் காய்ந்த சேறும் படிந்திருந்தன. இந்த வேலையில் நான் மிகவும் பயந்த இடம் இதுதான். பிளக்கைக் கழற்றியதும் ஒரே ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் போதும். ஏபெக்ஸ் சீலுக்கும் ரோட்டர் வீட்டுச் சுவருக்கும் நடுவே சிக்கிக் கீறல் போட்டுவிடும். முதலில் பழைய பல்துலக்கியால் சுரண்டி, பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கும் மின்பம்பால் ஊதி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி ஊதினேன். அரை மணி நேரம் இதற்கே போனது. அந்த அரை மணி நேரம் வீணில்லை.

வயரைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல், பிளக்கின்மேல் மூடியிருக்கும் ரப்பர் உறையை இரு பக்கமும் திருகி, ஒட்டு விட்டதும் நேராக இழுக்க வேண்டும். பிளக் அசையாமல் பிடித்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். மரையில் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, கால் சுற்று அவிழ்த்து, கொஞ்சம் இறுக்கி, மீண்டும் அவிழ்த்து, இப்படி ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். என் பின் ரோட்டரின் லீடிங் பிளக் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது.

கழற்றிய பிளக்குகளை ஒரு அட்டையில் வந்த வரிசையிலேயே குத்திவைத்தோம். முன் ரோட்டரின் இரண்டும் பிஸ்கட் நிறம். பின் ரோட்டரின் டிரெய்லிங் சற்றே சாம்பல் படிந்திருந்தது. அதன் லீடிங் பிளக் மட்டும் கன்னங்கரேலென்று நனைந்து வெளியே வந்தது. முனையில் ஒட்டியிருந்த கரியை விரலால் தொட்டால் மை போலப் பூசியது. மூக்கருகே கொண்டுபோனதும் பச்சைப் பெட்ரோல் வாடை. பக்கத்தில் நின்ற மகள் முகத்தைச் சுளித்தாள். மூன்று மாதமாக வண்டி சொல்ல முயன்றது என்ன என்பது அந்த அட்டையில் தெரிந்தது. எந்தப் பிளக்கையும் பார்க்காமல் தூக்கி எறியாதீர்கள். என்ஜினைப் பிரிக்காமலே அதன் உள்ளே பார்க்க இதைவிட நல்ல சாளரம் இல்லை.

புதிய பிளக்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா, இதில் எல் என்று எழுதியிருக்கிறது, அதில் டி என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?"

"ஒன்றில்லை பிள்ளை. எல் கீழே போவது, டி மேலே போவது. மாற்றிப் போட்டால் என்ஜின் தாங்காது."

"அப்போ நான் எழுத்தைப் படித்துச் சொல்கிறேன், நீங்களும் சொல்லிவிட்டுப் போடுங்கள்."

அப்படியே செய்தோம். என்ஜிகே தயாரிக்கும் இந்தப் பிளக்குகளில் லீடிங் ஆர்இ7சி-எல், டிரெய்லிங் ஆர்இ9பி-டி. அந்த நிறுவனத்தின் கணக்கில் எண் கூடக் கூட பிளக் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் ரகம். இரண்டு இடத்துக்கும் வெப்ப ரகம் வேறு என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. இடைவெளியை நாமாகச் சரிசெய்யவும் கூடாது. முனைகள் மெல்லியவை, அளவுகோலை நுழைத்து நெம்பினால் கெட்டுவிடும்.

பிளக்கை நுழைக்க நான் கண்ட சிறந்த கருவி ஒரு சாண் நீள ரப்பர் குழாய். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் தலையில் குழாயைச் செருகி, அதைக் கொண்டே குழிக்குள் இறக்கி, விரல்களால் குழாயைச் சுழற்ற வேண்டும். மரை சரியாகப் பிடித்தால் பிளக் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கோணலாகப் பிடித்தால் குழாய் கையிலேயே வழுகும். மரையைக் கெடுக்கும் அளவுக்குப் பலம் அதற்கு வராது. நீண்ட கைப்பிடி கொண்ட ஸ்பானரால் தொடக்கத்திலிருந்தே திருகுபவர்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. ரோட்டர் வீட்டின் மரை போனால் அந்த வீட்டையே மாற்ற நேரிடலாம்.

இறுதி இறுக்கத்துக்கு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு. நான் 15 நியூட்டன் மீட்டரில் வைத்தேன். கைக்கு அது மிகக் குறைவாகவே தோன்றும். இன்னும் கொஞ்சம் என்று மனம் கேட்கும். கேட்காதீர்கள். மரையில் பசை தடவலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பூச்சுள்ள தங்கள் பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்பதே என்ஜிகே நிறுவனத்தின் அறிவுரை. பசை வழுக்குவதால் ரெஞ்சு காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். ரப்பர் உறையின் உள்ளே மட்டும் மின்காப்புப் பசையைக் கடுகளவு தடவினேன். ஈரம் அண்டாமல் இருக்கும், அடுத்த முறை எளிதில் கழலும்.

காயில்களை மாற்றுவதில் சொல்ல அதிகமில்லை. ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நான்கையும் ஒன்றாகக் கழற்றி வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் இணைப்பிகள் இத்தனை வருடச் சூட்டில் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். அவற்றின் பூட்டை நகத்தால் மெல்ல நெம்ப வேண்டும். பழைய காயில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பகுதியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதே காயிலின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. குளிர்ந்த நிலையில் மேசைமேல் வைத்து அளந்து காயில் நல்லது என்று தீர்ப்புச் சொல்வதை நான் அன்றோடு நம்புவதில்லை. சூட்டிலும் பாரத்திலும்தான் அது தோற்கிறது.

மாலை நான்கு மணிக்குச் சக்கரத்தை மாட்டி, பேட்டரியை இணைத்தேன். சாவியைத் திருப்பியதும் உடனே பற்றிக்கொண்டது. நின்ற இடத்தில் ஓடும்போது (ஐடிலில்) சுழற்சி முள் நடுங்கவில்லை. முன்பு இருக்கையில் உணர்ந்த அந்த மெல்லிய குலுக்கமும் இல்லை. நன்றாகச் சூடேறிய பிறகு அதே எம்1 வளைவுக்குப் போனேன். 5,000, 6,000, 7,000 என்று இழுத்துக்கொண்டே போய், எல்லையை நெருங்கியதும் எச்சரிக்கைப் பீப் ஒலித்தது. அந்த ஒலியைக் கேட்டு எத்தனையோ வாரம் ஆகியிருந்தது.

ஆனால் 70 மைல் வேகத்தில் சீராக ஓடும்போது அடியில் ஒரு கிலுகிலுப்பு. வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு கீழே படுத்து, ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை மெல்லத் தட்டினேன். டப்பாவுக்குள் கூழாங்கல் உருளும் சத்தம். உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்துவிட்டிருந்தது. உடைந்த துண்டுகள் புகைவழியை அடைத்தால் வெப்பம் என்ஜின் பக்கமே திரும்பும். அதை அப்படியே விட்டு ஓட்ட முடியாது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி வாகனப் பரிசோதனையில் புகை அளவும் தேறாது. புதிய கன்வெர்ட்டருக்கு 400 பவுண்டு ஆனது. முதல் தயக்கத்தை உணர்ந்த வாரமே பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும்.

ரோட்டரி வண்டி வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் அந்த வாரமே பாருங்கள். விட்டுவிட்டு மின்னினால் அந்த நிமிடமே ஓரம் கட்டுங்கள்; எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அந்த மின்னலின் பொருள். வண்டி ஓடுகிறதே என்று சமாதானம் கொள்ளாதீர்கள். இந்த வண்டி ஒரு காயிலை இழந்தாலும் ஓடும், அதுதான் சிக்கலே. கம்ப்ரஷன் எண்களைக் காட்டாமல் என்ஜினைப் பிரிக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அமெரிக்க வி8 வண்டிகளின் எல்எஸ் என்ஜின் காயில்களை இதில் பொருத்திக்கொள்பவர்களும் உண்டு. அவை வலுவானவை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு மாஸ்டாவின் சி வகைக் காயிலே போதும். குறித்த மைலில் மாற்றிவிடப் போகிறேன் என்பதால்.

பானட்டின் உட்புறம் வெள்ளை நாடாவில் மகளின் கையெழுத்து இருக்கிறது: காயில், வயர், பிளக், 81,400. அதன் கீழே இன்னொரு வரி: அடுத்தது 1,11,400. அப்போது விளக்கைத் தான் பிடிக்கப் போவதில்லை, ரெஞ்சைத்தான் பிடிப்பேன் என்று சொல்லியிருக்கிறாள்.